வெட்டிப் போட்ட ஓரம்

...ஒரு விரல் அகலம் இருக்குமா, அதுகூட இருக்காது, காகிதத்தின் அடியில் எறும்பு மாதிரி ஓடிய இங்கிலீஷ் எழுத்து, வலது கோடியில் தேதி, அதை ஏன் வெட்டினாய் என்று வக்கீலம்மா இஷ்ரத்தைக் கேட்டார், இவள் ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிறவள், ஓரம் பிசிறாக இருந்தால் கை சும்மா இருக்காது என்றா சொல்வது? திரும்பும் வழியில் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் போட்டிருந்தது, கூட்ஸ் வண்டி நகர்வதும் நிற்பதுமாக இருந்தது, தம்பி ஜுபைர் மொபெட்டை அணைத்துக் காலை ஊன்றி நின்றான், பின்னால் இவள், மடியில் பை, பைக்குள் லேமினேஷன் போட்ட அந்தக் காகிதம்... புருஷன் மஜீது மணலி ஆலையில் வாயு கசிந்து மூச்சு முட்டிச் செத்த மறுநாள் கம்பெனிக்காரர்களே இன்டர்நெட்டில் போட்ட இரங்கல், ‘எங்கள் ஒப்பந்தத் தொழிலாளி மஜீது பணியில் இருந்தபோது’ என்று அவர்கள் கையாலேயே எழுதியது. ஜுபைர் பிரௌசிங் சென்டரில் பார்த்துப் பிரிண்ட் எடுத்து வந்தான், இரண்டே நாளில் அந்தப் பக்கத்தைத் தூக்கிவிட்டார்கள், இப்போது கோர்ட்டில், அன்று அவனுக்கு வேலையே இல்லை, செம்புக் கம்பி திருட மதில் ஏறிக் குதித்தவன் என்கிறார்கள். திருடன்! கேன்டீன் டம்ளர் தெரியாமல் பையோடு வந்துவிட்டது என்று மறுநாள் டீகூடக் குடிக்காமல் திருப்பிக் கொடுக்க ஓடிய மனுஷனுக்கு அந்தப் பேர், அல்லாவே, இந்த வாயெல்லாம் புழுத்துப் போகாதா?

புருஷன் செத்த துக்கம் காக்கிற இத்தாவில் வெளியே போகாமல் கிடந்த நாலு மாதம் பத்து நாளும் அந்தக் காகிதம்தான் துணை, வீட்டில் படம் மாட்டும் வழக்கமில்லை, பேராவது கண்ணில் படட்டுமே என்று... ஈரக் கை பட்டு மை கலங்கவும் பயந்துபோய் லேமினேஷன் போடச் சொன்னாள், கவருக்குள் அடங்கவேண்டுமென்று மேலே ஒரு வெட்டு, கீழே ஒரு வெட்டு, கத்தரி எவ்வளவு நேராகப் போயிற்று, பெருமையாகக்கூட இருந்ததே, பாவி. துண்டெல்லாம் துணிக் கழிசலோடு குப்பைக்குப் போயிற்று, யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதை. வக்கீலம்மா தேவப்பிரியம் ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம், திட்டவில்லை, அதுதான் தாங்கவில்லை. “அடியில இருந்த அந்த இன்டர்நெட் விலாசமும் தேதியும் இருந்தா, எங்க போட்டான், என்னிக்கு இருந்துச்சுன்னு காட்டலாம்மா. இப்ப, நீங்களே டைப் அடிச்சதுன்னு சொல்லிடுவான்.” அமெரிக்காவில் யாரோ உலகத்துப் பக்கங்களையெல்லாம் நகல் எடுத்து வைக்கிறார்களாம், அதிலும் தேடிவிட்டார்கள், சாவுக்கு முந்தின மாதத்து நகல் இருக்கிறது, பிந்தின மாதத்து நகல் இருக்கிறது, நடுவில் அந்த இரண்டு நாள் மட்டும் இல்லை. ஜுபைர் பார்த்தேன் என்றால் மச்சானுக்காகப் பேசுகிறான் என்பார்கள், சென்டர்காரரோ தினமும் நூறு பேர் வர்றான், எனக்கு எங்க ஞாபகம் என்று கையை விரித்துவிட்டார், இனி யார் இருக்கிறார்கள்... யாருமில்லை.

ஜுபைர் திரும்பாமலே பேசினான். “எக்கா, ஒண்ணு சொல்றேன், கத்தாத. சென்டர்ல என் தோஸ்து ஒர்த்தன் கீறான். மேட்டர அப்டியே அடிச்சு, கீய அந்த அட்ரஸு, தேதி எல்லாம் போட்டு புச்சா ஒரு பிரிண்டு எட்த்துடலாம். நட்ந்ததத்தான எய்தப் போறோம், பொய்யா இன்னா?” பொய்யா? வரிக்கு வரி உண்மை, அவர்கள் எழுதியது, இவள் மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்து மனப்பாடம் ஆனது, ஆனால் பிடிபட்டால்... புருஷன் திருடன், பெண்டாட்டி கள்ளக் காகிதக்காரி, இரண்டையும் சேர்த்து முடித்துவிடுவார்கள். மஜீது இருந்தால் சம்மதிக்கமாட்டார், செத்தாலும் சம்மதிக்கமாட்டார், செத்தேதான் போய்விட்டாரே, அவர் யோக்கியத்தை யார் நம்பினார்கள், யோக்கியத்துக்கு ரசீது கேட்கிற ஊரில்... கடைசிப் பெட்டியும் போயிற்று, கேட் ஏறியது, நாலா பக்கமும் ஹாரன், ஜுபைர் உதைத்து வண்டியைக் கிளப்பினான். “இன்னாக்கா, வூட்டுக்கா, சென்டருக்கா?” வேண்டாம் என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள், காதோடு குனிந்து ஏதோ சொன்னாள், அவனும் தலையாட்டினான். வண்டி தண்டவாளத்தில் குலுங்கி ஏறி இறங்கி வலப்பக்கம், சென்டர் இருக்கிற பக்கம் திரும்பிய பிறகுதான் தான் சொன்னது அவளுக்கு உறைத்தது. “வெட்டிப் போட்ட ஓரத்துல மாசம் மொதல்ல இருந்துச்சா, தேதி மொதல்லயாடா?” என்று கேட்டிருந்தாள்.