பட்டிப்பூக் கஷாயம்

தவராசா திருகோணமலைத் துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் குழாய் வேலை செய்தவர். இறங்குதுறையில் வந்து நிற்கும் கப்பல்களுக்கு நன்னீர் ஏற்றுவது அவருடைய பகுதி. எந்த வால்வை மூடினால் எங்கே தண்ணீர் நிற்கும் என்பது ஓய்வுபெற்று ஆறு வருடமாகியும் அவருக்கு மனப்பாடம். அதனாலோ என்னவோ, மனைவி புஷ்பவதியின் மார்பில் புற்றுநோய்க் கட்டி என்று தெரிந்து, சத்திரசிகிச்சைக்கு முன் பன்னிரண்டு கிழமை மருந்து ஏற்றவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது, அந்த மருந்து உள்ளே போய் என்னதான் செய்யும் என்று கேட்டார்.

டொக்டர் அம்றா கிண்ணியாவைச் சேர்ந்தவர், பொறுமைசாலி. ஒரு துண்டுக் காகிதத்தில் கட்டியை வரைந்து, அதைச் சுற்றி மெல்லிய கோடுகளை இழுத்தார். கட்டி வளர இரத்தம் வேண்டும், அதற்காக அது பக்கத்திலிருந்து புதிய சின்னச் சின்ன இரத்தக்குழாய்களைத் தன் பக்கம் இழுக்கிறது என்றார். இந்த மருந்து கட்டியின் கலங்கள் பெருகுவதைத் தடுக்கும், அந்தக் குழாய்கள் வளர்வதையும் ஓரளவு மறிக்கும். முதன்முதல் இதை ஒரு குளிர்தேசத்து மரத்தின் பட்டையிலிருந்துதான் எடுத்தார்களாம். மரப்பட்டையா என்று தவராசா வியந்ததைப் பார்த்து, "ஓம் ஐயா. எங்கட பட்டிப்பூவில இருந்தும் இந்த நோய்க்கு ஒரு மருந்து எடுக்கிறாங்க" என்று அம்றா சிரித்தார்.

பட்டிப்பூ என்ற சொல் தவராசாவை விடவில்லை.

கலியாணம் முடித்த புதிதில் அவர்கள் துறைமுகக் குவாட்டர்ஸில் இருந்தார்கள். ஒரு அறை, ஒரு குசினி, பின்னால் ஒரு கிணறு. யன்னலைத் திறந்தால் உட்துறைமுகத்துத் தண்ணீர். அந்த வீட்டு மதிலோரம் முழுக்கப் புஷ்பவதி பட்டிப்பூ நட்டிருந்தாள், சிலர் நித்தியகல்யாணி என்பார்கள், வெள்ளையும் ஊதாவுமாக. மூத்தவள் கௌசிகா அங்கேதான் பிறந்தாள். பிறகு லிங்கநகரில் காணி வாங்கி வீடு கட்டி வந்துவிட்டார்கள். குவாட்டர்ஸைக் கூரை கழற்றி அப்படியே விட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தார். போய்ப் பார்த்ததில்லை.

முதல் மருந்து ஏற்றிய மறுநாள் விடிய சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். வாசலில் இருந்த காவலாளி பழைய ஆள் என்று தெரிந்து உள்ளே விட்டான். அறை இருந்த இடத்தில் எருக்கலை நின்றது. ஆனால் மதிலோரம் பட்டிப்பூ தானாகப் பெருகி, முற்றம் முழுக்கப் பூத்திருந்தது. அந்த நாளில் ஒரு கோதுமைக் கப்பல்காரன் கொடுத்த பிஸ்கற் பேணியைத் தான் கொண்டுவந்து கொடுத்தபோது, புஷ்பவதி மூடியில் இருந்த பனிமலைப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. பிறகு ஒரு பிடி இலை ஆய்ந்து சட்டைப்பைக்குள் வைத்தார்.

குசினிப் பக்கம் எட்டியும் பாராத மனிதர் அன்றைக்கு அடுப்பு மூட்டினார். இலையை அவித்து வடித்து, கொத்தமல்லித் தண்ணியோடு கலந்து கொடுத்தார். உடம்புச் சூட்டுக்கு நல்லது என்று மட்டும் சொன்னார். அவள் குடிக்கும்போது பக்கத்தில் கதிரையைப் போட்டு, நடக்கப் போனதாகவும் அப்படியே குவாட்டர்ஸைப் பார்த்ததாகவும் சொல்லத் தொடங்கினார். ஒவ்வொரு நாளும் போனார், ஒவ்வொரு நாளும் ஒரு கதையோடு வந்தார். கிணற்றுக் கப்பி இன்னும் தொங்குகிறது. கௌசிகா நிலக்கரியால் கிறுக்கிய சுவர் அப்படியே நிற்கிறது. புஷ்பவதி முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தாள். கதையை மட்டும் இடையில் நிறுத்தவிடவில்லை.

நாலாம் கிழமை அவளுக்குச் சட்டைப் பொத்தான் பூட்ட ஏலாமல் போனது. விரல் நுனிகள் மரத்துவிட்டன. வயிறு இறுகி, நாலைந்து நாளாகக் கழியவில்லை. இரத்தம் சோதித்துப் பார்த்தபோது வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருந்தன. இந்த மருந்துக்கு இவையெல்லாம் வரக்கூடியவைதான், ஆனால் இவ்வளவு கெதியில் வருவதில்லை என்று அம்றா யோசித்தார். அந்தக் கிழமை மருந்து ஏற்றாமல் திருப்பி அனுப்பினார்கள். தவராசாவுக்குப் பயம் பிடித்தது. ஒரு கிழமை மருந்து இல்லையென்றால் கட்டி திரும்பவும் குழாய்களை இழுத்துவிடுமே என்று நினைத்தார். ஒரு பிடி இலை போட்ட இடத்தில் இரண்டு பிடி போட்டார்.

ஐந்தாம் கிழமை முடியும்போது புஷ்பவதிக்குக் காய்ச்சல் நெருப்பாகக் கொதித்தது. ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார். தனி அறையில் போட்டார்கள், கையில் சேலைன் ஏறியது. அம்றா அவரைக் கதவுக்கு வெளியே கூப்பிட்டு, வீட்டில் வேறு ஏதாவது மருந்து கொடுக்கிறார்களா என்று கேட்டார். தவராசா முதலில் இல்லை என்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் உதடு வெடித்துக் கிடந்ததைப் பார்த்தார்.

"குடுத்தனான் டொக்டர்," என்றார். "நீங்கள் சொன்ன பட்டிப்பூ. அவிச்சுக் குடுத்தனான்."

அம்றா கத்தவில்லை. ஒரு கட்டு இலையிலிருந்து ஒரு துளியைப் பிரித்து, அளந்து, எவ்வளவு தாங்கும் என்று பல வருடம் சோதித்துத்தான் அது மருந்தாகிறது என்றார். இலையில் இருப்பது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. ஏற்கெனவே ஏறும் மருந்தோடு சேர்ந்தால் அதுவும் அதே வெள்ளை அணுக்களைத்தான் தின்னும், அதே நரம்புகளைத்தான் தொடும். "நானும் அத விளையாட்டாச் சொல்லியிருக்கக் கூடாது ஐயா" என்று முடித்தார். இனிக் கொடுக்கவே கூடாது என்றும், தவராசாவே அதைப் புஷ்பவதிக்குச் சொல்லவேண்டும் என்றும் சொன்னார்.

அடுத்த நாள் சொன்னார். புஷ்பவதி முகத்தைத் திருப்பாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ர உடம்புக்குள்ள போறதை என்னட்டக் கேக்காமல் என்னெண்டு முடிவெடுத்தனீங்கள்?"

பயத்தில் செய்தேன் என்றார். அதற்குப் பிறகு அவள் இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. மாத்திரை கொடுக்க வந்த தாதியிடம் கதைத்தாள், கொழும்பிலிருந்து போன் எடுத்த கௌசிகாவிடம் கதைத்தாள். தவராசா அவளுடைய காலடியில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தார். சாப்பாட்டுக்கு மட்டும் எழும்பிப் போய் வந்தார்.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. பின்னேரம் அவளாகவே கேட்டாள். குவாட்டர்ஸுக்குப் போனது உண்மையா, அல்லது அதுவும் இலைக்காகச் சொன்ன கதையா என்று.

"போனனான் புஷ்பம். சத்தியமாப் போனனான்."

அவள் கூரையைப் பார்த்தபடி கதைக்கத் தொடங்கினாள். அந்த வீடு அவளுக்குப் பிடித்ததே இல்லையாம். கிணற்றுத் தண்ணீர் உவர், சவர்க்காரம் நுரைக்காது. கப்பல் வந்தால் அவர் இரண்டு நாள் வீட்டுக்கு வருவதில்லை. கைக்குழந்தையோடு யன்னலைப் பூட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள். ரோசா, மல்லிகை எல்லாம் வைத்துப் பார்த்து, எதுவும் தப்பாததால்தான் பட்டிப்பூ வைத்தாளாம். தவராசா இதையெல்லாம் முப்பத்தைந்து வருடத்தில் முதல்முறையாகக் கேட்டார்.

"அப்ப ஏன் என்னட்டச் சொல்லேல்லை?"

"உங்களுக்கு அந்த வீடு அவ்வளவு பிடிச்சிருந்தது," என்றாள். பிறகு, "ஆனா நீங்கள் வந்து சொல்லேக்க எனக்கும் அது நல்ல வீடு மாதிரித்தான் இருந்தது. அந்தக் கதையைக் கேக்கத்தான் அந்தக் கசப்பைக் குடிச்சனான்."

தவராசா அவளுடைய மரத்த விரல்களைப் பிடித்துத் தேய்த்தார். அவள் கையை இழுக்கவில்லை.

அணுக்கள் தேறி வர இன்னும் பத்து நாள் எடுத்தது. அளவைக் குறைத்து மருந்தைத் திரும்பத் தொடங்கினார்கள். பன்னிரண்டாவது ஏற்றி முடிய ஆவணி மாதமாகிவிட்டது. சத்திரசிகிச்சையில் எடுத்ததைச் சோதித்துப் பார்த்தபோது, கட்டி இருந்த இடத்தில் ஒரு பயறளவுதான் மிச்சம் இருந்தது. இப்போது தினமும் ஒரு மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளினிக். விரல் நுனிகள் முழுதாகத் திரும்பவில்லை. ஊசியில் நூல் கோர்க்க அவரைத்தான் கூப்பிடுகிறாள்.

போன கிளினிக் நாளில், காத்திருக்கும் நீள வாங்கில் பக்கத்தில் இருந்தவர் புல்மோட்டையிலிருந்து மனைவியைக் கூட்டிவந்த அப்துல் மஜீத். நெடுநேரம் தயங்கியிருந்து, மெதுவாகக் கேட்டார்.

"அண்ணன், இதுக்கு ஏதோ ஒரு இலை இரிக்காமே. கேள்விப்பட்டீங்களா?"

தவராசா ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். சைக்கிளில் போனதை, அவளுக்குச் சொல்லாமல் அவித்துக் கொடுத்ததை, இரண்டு பிடி போட்டதை, கதவுக்கு வெளியே முதலில் பொய் சொன்னதை. மூன்று கிழமை கொடுத்தேன் என்றார்.

"அஞ்சு கிழமை," என்று புஷ்பவதி அந்தப் பக்கத்திலிருந்து திருத்தினாள்.

அவர் தலையாட்டி, ஓம், ஐந்து என்றார். அப்துல் மஜீத் சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த காய்ந்த இலைக் கடதாசிப் பொட்டலத்தை எடுத்து மனைவியிடம் நீட்டி, இது என்ன என்று அவளுக்குத் தாழ்ந்த குரலில் சொல்லத் தொடங்கினார்.