ஆபரேட்டர் வீட்டுத் ‘தொம்’

“கொன்னுட்டியே! நல்லா இருந்த பெட்டியைக் கொன்னுட்டியே!”

“மாமா, கொஞ்சம் பொறுங்க.”

“என்னத்தைப் பொறுக்கிறது? சுவிட்சைப் போட்டா ‘தொம்’னு வரணும். வந்துச்சா? செத்துப்போச்சு!”

அந்த நேரம் பார்த்துப் பெட்டிக்குள் ‘டக்’ என்று ஒரு சின்னச் சத்தம். பாட்டு கண்ணாடி மாதிரி எழுந்தது. ஆபரேட்டர் திறந்த வாயை மூடவில்லை. மூடும் பழக்கமும் அவருக்குக் கிடையாது.

நான் அவர்கள் வாசலில்தான் நின்றிருந்தேன். ரிப்பேர் பார்த்த ஆம்ப்ளிஃபயருக்கு முதன்முதலாகக் கரண்ட் கொடுக்கும்போது, நடுவில் ஒரு குண்டு பல்பை மாட்டுவார்களாம். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளீரென்று எரிந்து காட்டிக்கொடுக்கும், பெட்டி பிழைத்துக்கொள்ளும். இந்தக் காலத்தில் குண்டு பல்பு யார் வீட்டில் இருக்கிறது? என் வீட்டுப் பரணில் இருந்தது. கொடுத்தேன். அதைத் திரும்ப வாங்கத்தான் போனேனே தவிர, நீங்கள் நினைக்கிற காரணத்துக்காக அல்ல. சரி, அதற்காகவும்தான்.

ஆபரேட்டர் தியேட்டரில் படம் ஓட்டி ஓய்வு பெற்றவர். கல்யாணமான புதிதில் வாங்கிய டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரையும் இடுப்புயர ஸ்பீக்கர்கள் இரண்டையும் முன்னறையில் குடிவைத்துவிட்டு, குடும்பத்தை மற்ற அறைகளில் நெருக்கியடித்து உட்காரச் சொன்னவர். மருமகள் லிஃப்ட் கம்பெனியில் மெக்கானிக். அதை விட்டுவிட்டு முன்னறையில் மேஜை போட்டு, சொந்தமாக ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் தொடங்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. தகராறே அந்த அறைக்குத்தான். கடைசியில் மாமனார் பந்தயம் கட்டினார்.

“முதல்ல என் பெட்டியைச் சரிபண்ணு. எனக்குத் திருப்தின்னா ரூம் உனக்கு. ஸ்பீக்கருக்கு ஏதாச்சும் ஆச்சு, இந்தப் பேச்சே இனி எடுக்கக் கூடாது.”

அந்த ஸ்பீக்கர் போனால் வேறு கிடைக்காது என்பது தெருவுக்கே மனப்பாடம்.

அவள் உப்பிப்போன கண்டென்சர்களை மாற்றினாள். கரகரத்த வால்யூம் திருகியைக் கழுவினாள். பெட்டி சூடேறும்வரை காத்திருந்து, மீட்டரை வைத்துக் கரண்டைத் திருத்தினாள். அதோடு விட்டிருக்கலாம். கதவு மூடாமல் நகரவிடாத லிஃப்ட் புத்தி விடுமா? சுவிட்ச் போட்டதும் சில நொடி பொறுத்து, எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் ஸ்பீக்கருக்கு வழிவிடும் ரிலே போர்டு ஒன்றையும் உள்ளே சேர்த்துவிட்டாள். தொம் காணாமல் போனது அதனால்தான்.

“பாட்டு நல்லாத்தானே இருக்கு?” என்றார் மாமியார்.

“உனக்கென்ன தெரியும்? அந்தத் தொம்தான் பெட்டியோட கம்பீரம்! முன்னெல்லாம் இதை ரிப்பேர் பார்த்த ரேடியோக்காரரே சொல்லியிருக்காரு. கழட்டும்மா அந்தச் சனியனை.”

“அது கம்பீரம் இல்ல மாமா. தினமும் உங்க ஸ்பீக்கர் நெஞ்சுல விழுந்த உதை.”

மகனைக் கேட்கிறீர்களா? வீட்டில் குரல் உயர்ந்தால் அவன் குளிக்கப் போய்விடுவான். தெருவிலேயே சுத்தமான மனிதன்.

மருமகள் கையகல ஸ்பீக்கர் ஒன்றை எடுத்து, சின்ன பேட்டரியை அதில் நேராகத் தொடவைத்தாள். கூம்பு முன்னே துள்ளி, அப்படியே விறைத்து நின்றது.

“பெட்டிக்குள்ள ஒரு டிரான்சிஸ்டர் போச்சுன்னா இப்படித்தான், இன்னும் பல மடங்கு வேகமா. ஸ்பீக்கரோட கம்பிச்சுருள் வெந்துடும். இப்ப அதே கோளாறை உங்க ஸ்பீக்கர்ல நானே பண்ணப்போறேன்.”

“ஐயோ, என் ஸ்பீக்கர்லயா?”

“பின்ன, பக்கத்து வீட்டு அக்கா ஸ்பீக்கர்லயா?”

என்னை எதற்கு இழுக்கிறாள்?

“ரூம் வேணாமா உனக்கு?” என்று மிரட்டிப் பார்த்தார் ஆபரேட்டர்.

“வேணும். அதனாலதான் பண்றேன்.”

பெட்டியை அணைத்து, ரிலே போர்டுக்குப் போகும் ஒயரைக் கழற்றினாள். மறுபடி சுவிட்சைப் போட்டு, ரிலே ‘டக்’ என்றதும் ஒயர் இருந்த இடத்தில் பேட்டரியைத் தொடவைத்தாள். பெரிய கூம்பு லேசாகச் சிலிர்த்தது. அடுத்த ‘டக்’கில் ரிலே வழியை அடைத்துவிட, அடங்கிவிட்டது.

ஆபரேட்டர் கூம்பின் மேல் விரலை வைத்துக்கொண்டார். “இன்னொரு தடவை பண்ணு.”

பண்ணினாள். அடுத்த ஸ்பீக்கரிலும் பண்ணச் சொன்னார். அங்கேயும் அதே சிலிர்ப்பு, அதே டக்.

“இத்தனை வருஷம் அந்த ரேடியோக்கார மடையன் எங்கிட்ட இதைச் சொல்லவே இல்லையே!”

“அவரையா திட்டுறீங்க? தினமும் உதைச்சது நீங்கதானே?” என்றார் மாமியார்.

ஆபரேட்டர் எழுந்தார். தன் சாய்வு நாற்காலியை முன்னறையிலிருந்து தரதரவென்று இழுத்துக்கொண்டே சொன்னார்: “மேஜையை ஜன்னல் ஓரமாப் போடு. வெளிச்சம் வரும்.”

நான் பல்பை வாங்க மறந்தே போனேன்.

அவள் லிஃப்ட் வேலையை விட்டாள். முன்னறை இப்போது ஊரார் பெட்டிகளால் பிதுங்குகிறது. ரிப்பேருக்குக் கொடுக்க வந்த ஒரு வங்கிக்காரர் எங்கள் வீட்டுப் பக்கம் என் நாத்தனார் மகளைப் பார்த்தார். அதன் பிறகு நன்றாகப் பாடிக்கொண்டிருந்த அவர் பெட்டிக்கு அடிக்கடி உடம்புக்கு வந்தது. இருவரும் கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறார்கள். ஆபரேட்டரின் பெட்டி படுக்கையறைக்குப் போனது. அது தலைமாட்டுக்கு வந்த வாரமே மாமியார், தன் மகள் வீட்டுக்குப் போனவர்தான், இன்னும் திரும்பவில்லை. பேரனைப் பார்த்துக்கொள்ளப் போயிருக்கிறாராம். பேரன் காலேஜில் படிக்கிறான்.