வேலிக்கு வெளியே வைத்த சோறு

முள்வேலிக்குள் குடிவந்த நாளிலிருந்து நாங்கள் நாகரிக மனிதர்களாகிவிட்டோம் என்றார் ரப்பர் தோட்டத்து ஆபிஸில் கணக்கெழுதும் கிராணி இராஜமாணிக்கம். வரிசை வீடுகளாக இருந்த பழைய லயத்தை இடித்து, எங்களை ஆபிஸ் பக்கத்தில் கொண்டுவந்து அடைத்திருந்தார்கள். குழாய்த் தண்ணீர், விடிய விடிய எரியும் விளக்கு, வாசலில் துப்பாக்கியோடு காவல். வேறென்ன வேண்டும் மனிதனுக்கு?

சன்னாசிக்குத் தூக்கம் வேண்டியிருந்தது. அந்த வெளிச்சத்தில் அவனால் கண்ணை மூட முடியவில்லை. நாளாக ஆகப் பேச்சும் நின்றது. பாலுக்குச் சீவிய மரத்தையே மறுபடி சீவினான். தோட்டத்து டிரெஸ்ஸர் அவன் நாக்கைப் பார்த்துவிட்டு, "சோம்பேறித்தனம்லா, வேற ஒன்னுமில்ல" என்று பேதி மருந்து கொடுத்தார். அதற்கும் சரியாகாவிட்டால் பைத்தியக்கார ஆஸ்பத்திரிதான் என்றார்.

அவன் மனைவி வள்ளிநாயகி பயந்துபோனாள். பக்கத்து வீட்டுப் பாஞ்சாலை சொன்னாள்:

"முனியாண்டிய பழைய லயத்துலயே விட்டுட்டு வந்துட்டோம். பட்டினி கெடக்குற சாமி புடிக்காம என்ன செய்யும்? ஒரு பிடி சோறு வச்சுக் கும்பிட்டுட்டு வாடி."

"கேட்டுல தடவிப் பாக்குறானுங்களேக்கா."

"கொண்டைக்குள்ள வச்சுக்க. அங்க தேடுற அளவுக்கு அவனுங்களுக்கு மூளை இல்ல."

சோறு வேலியைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். வள்ளி கேட்டைத் தாண்டிவிட்டாள். முனியாண்டி முன்னால் சோற்றை வைத்துச் சூடம் காட்டிக்கொண்டிருந்தபோது ரோந்துக்காரர்களிடம் மாட்டினாள்.

ஆபிஸ் வாசலில் விசாரணை. வெள்ளைக்கார அதிகாரி கேட்பதைக் கிராணி தமிழில் கேட்டார்.

"சோறு யாருக்கு?"

"முனியாண்டிக்குங்க."

முனியாண்டி எந்தக் காட்டில் இருக்கிறான், அவனோடு எத்தனை பேர் என்று அதிகாரி கேட்டார்.

"என்ன கிராணியாரே, அது நம்ம சாமின்னு சொல்லுங்களேன்! திருவிழாவுல மொத மாலை உங்களுக்குத்தானே போடுவாங்க?"

கிராணி குனிந்து காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டார். கிடா வெட்டும் சாமிக்கு முன்னால் விழுந்து கும்பிடுகிறவர் என்று தெரிந்தால் துரைமார் மத்தியில் அவர் மரியாதை என்னாவது? அப்படி யாரையும் தனக்குத் தெரியாது என்று ஆங்கிலத்தில் சொன்னார். நல்ல ஆங்கிலம்.

வள்ளியை லோரியில் ஏற்றினார்கள். அப்போதுதான் சன்னாசி வாயைத் திறந்தான். "வள்ளீ!" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடினான். கேட்டில் அவனை மடக்கினார்கள். அதற்குப் பிறகு அவன் நிறுத்தவே இல்லை. மரத்தடியிலும், குழாயடியிலும், துரை கடந்து போகும்போதும் அதே கத்தல்.

வாயை மூடிக்கொண்டு திரிந்தவரை அவன் சோம்பேறி. பெண்டாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் பைத்தியமாகிவிட்டான். அடுத்த வாரமே ஆஸ்பத்திரி வண்டி வந்தது.

வண்டி போனதும் கிராணி எங்களைப் பார்த்து, "பாவம், அவனுக்கு முன்னேறத் தெரியல" என்றார்.