இணைப்பு: ஒரு தாள்

1

இந்தக் கதை எழுத நேர்ந்த காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் பீரோவின் மேல்தட்டில் பதினோரு தாள்கள் மீந்துபோயின. பதினொன்றும் ஒரே பக்கத்தின் நகல்: ஒரு மாலைப் பேப்பரின் முதல் பக்கம். முந்நூறு எடுத்தேன். இருநூற்று எண்பத்தொன்பது வெளியே போய்விட்டன. மீந்ததை என்ன செய்வதென்று தெரியாமல் எழுத உட்கார்ந்தேன்.

நான் கதை எழுதுகிறவன் அல்ல, கடிதம் எழுதுகிறவன். தெருவிளக்கு எரியவில்லை, பேருந்து நிறுத்தத்தில் நிற்பதில்லை, சாக்கடை மூடி காணாமல் போய்விட்டது என்று முப்பது வருடமாக எழுதி வருகிறேன். எதற்கும் பதிவேடு உண்டு, வரிசை எண் உண்டு. தெருவில் எனக்கு ‘மனுக்காரர்’ என்று பெயர். முன்னால் சொல்ல மாட்டார்கள். என் மனைவி மட்டும் முன்னாலேயே சொல்வாள்.

முதல் வரைவை அந்தத் தாள்களின் பின்பக்கத்திலேயே எழுதத் தொடங்கினேன். வெற்றுப் பக்கம் வீணாகக் கிடந்தால் எனக்குப் பொறுக்காது.

“என்னங்க,” என்றாள் மனைவி. “இதைப் படிக்கிறவங்க ஒரு பக்கம் முடிச்சதும் தாளைத் திருப்ப மாட்டாங்களா?”

அன்றே வேறு தாளுக்கு மாறினேன். நீங்கள் இதைத் திருப்பிப் பார்க்கலாம். ஒன்றும் இருக்காது.

2

ஆரம்பம் (முதல் முயற்சி): இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் கையில் ஒரு ஃபைலுமாக அவன் அந்த வாசலில் வந்து நின்றபோது...

[நான் அங்கே இல்லை. சட்டை வெள்ளை என்று யாரும் சொல்லவில்லை. அடித்துவிட்டேன்.]

ஆரம்பம் (இரண்டாம் முயற்சி): பேப்பர் கட்டுகள் தெருமுனையில் எரிந்தன. முடிதிருத்தும் கடைக்காரர் எட்டு வருடமாகத் தினமும் வாங்கிப் பெஞ்சில் போட்டுவந்த மாலைப் பேப்பரைத் தன் கையாலேயே நெருப்பில் போட்டார்...

[இது நடந்தது, நானும் நின்றேன். ஆனால் இதை எழுதும்போது எனக்குள் ஒரு குஷி வருகிறது. வரக்கூடாத இடத்தில் வருகிறது. அடித்துவிட்டேன்.]

ஆரம்பம் (மூன்றாம் முயற்சி): அந்த நோட்டில் அவள் எழுதியிருந்தது என்னவென்றால்

[இந்த வாக்கியம் இப்படியே நிற்கும். முடிக்கப் போவதில்லை.]

3

எனவே நடந்ததை மனு எழுதுகிற முறையிலேயே சொல்கிறேன்.

எங்கள் வீடு மாடியில். கீழ்வீட்டில் ஒரு தையல்காரம்மா. அவருக்கு ஒரே மகள், இருபத்திரண்டு வயது. அந்தப் பெண் மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தாள்.* அங்கே நாளெல்லாம் ஒரு கோடுபோட்ட நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். தனக்காக எழுதியது. வீட்டுக்கு வந்ததும் தையல் மிஷின் டிராயரில் போட்டு வைத்திருந்தாள்.

(* எதற்காக என்று சொல்ல மாட்டேன். ஏதாவது ஒரு காய்ச்சல் பெயரைப் போட்டுவிடச் சொன்னாள் மனைவி. பொய் எழுதவும் மனம் வரவில்லை.)

ஒரு நாள் மதியம், மகள் குளித்துக்கொண்டிருந்தபோது ஒருவன் வந்தான்.

“ஆஸ்பத்திரிலேர்ந்து வர்றேன்மா. பொண்ணு அங்க ஏதோ நோட்டு எழுதிச்சாமே, டாக்டர் ஒரு தடவை பார்க்கணும்னார். நாளைக்கே திருப்பிக் குடுத்துருவோம்.”

டாக்டர் என்றதும் தையல்காரம்மா வேறு எதுவும் கேட்கவில்லை. நோட்டு அழுக்காகிவிடக் கூடாதென்று ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தார்.

அவன் மாலைப் பேப்பரின் நிருபர். மறுநாள் நோட்டின் ஒரு பக்கம், அவள் கையெழுத்திலேயே, முதல் பக்கத்தில் பாதி இடத்துக்கு வந்தது. பெயரை மாற்றியிருந்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் அவளுக்குத் தெரியாமல் எடுத்த படத்தில் முகத்தை மட்டும் மறைத்திருந்தார்கள். அதைத் தங்கள் நாகரிகம் என்று பிறகு சொன்னார்கள்.

தையல்காரம்மா வாசல்படியில் உட்கார்ந்து அழுதார். கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. தெரு முழுக்கக் கேட்டது. தெரு கொதித்தது. பிறகு ஊர்.

பேப்பரை வாங்க மாட்டோம் என்றார்கள். கடைக்காரர்கள் கட்டைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பினார்கள். அது மட்டும் போதாது, அதில் விளம்பரம் கொடுக்கிறவர்களுக்கும் எழுத வேண்டும் என்று ஒரு கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

முப்பது வருடத்தில் முதல்தடவையாக அப்படிப் பார்த்தார்கள்.

4

நான் படித்தது ஒரு சிற்றூர்ப் பள்ளிக்கூடம். ஏழாம் வகுப்பில் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்தார்கள்: அனுப்புநர், பெறுநர், பொருள், ஐயா, வணக்கம். கடைசியில், இடதுபக்கம், இணைப்பு. புகார் என்றால் சான்று வைக்க வேண்டும். வைக்காததற்கு எனக்கு ஒருமுறை பத்துக்கு ஆறு போட்டார்கள். அதன் பிறகு நான் வைக்காமல் விட்டதே இல்லை. சாக்கடை மூடிக்குக்கூட படம் வைத்தேன்.

கடிதம் நன்றாக வந்தது. ஒரு பக்கம்தான், யாரையும் திட்டவில்லை. ‘ஒரு பெண்ணின் அந்தரங்கத்தை விற்றுப் பிழைக்கும் தாளில் தங்கள் நிறுவனத்தின் பெயர் இடம்பெறலாமா’ என்ற வரியைக் கூட்டத்தில் இரண்டுமுறை படிக்கச் சொன்னார்கள்.

கடைசியில், இடதுபக்கம் எழுதினேன்: இணைப்பு: ஒரு தாள்.

ஜெராக்ஸ் கடையில் இருந்த அம்மா பேப்பரைக் கண்ணாடிமேல் கவிழ்க்குமுன் முழுக்கப் படித்தார்.

“பாவம் சார் அந்தப் பொண்ணு.”

“அதுக்குத்தாம்மா இவ்வளவும்.”

“எழுத்து கொஞ்சம் மங்கலா இருக்கு. கறுப்பு ஏத்தட்டுமா?”

“ஏத்துங்க.”

முதல் நகலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். “பாருங்க, பேப்பர்ல இருந்ததைவிடத் தெளிவா விழுந்திருக்கு.”

நன்றி சொன்னேன்.

[இந்த இடத்தில் கதையின் நாயகன் சற்றே தயங்கினான் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அவன் தயங்கவில்லை. ஒரு பாத்திரத்தை நம்ப முடியாவிட்டால் எடுத்துவிடலாம் என்பார்கள். இவனை எடுத்துவிட்டால் கையெழுத்துப் போட ஆள் இல்லை.]

5

வென்றோம். இரண்டு மாதத்தில் விளம்பரம் பாதிக்குமேல் நின்றது. பேப்பர் கடைசிப் பக்கத்து மூலையில் நான்கு வரி வருத்தம் போட்டது. நிருபரை வேலையை விட்டு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். முடிதிருத்தும் கடையில் என்னை வரிசையில் நிற்க விடவில்லை.

இதற்குள் அந்தப் பெண் வேறு ஊரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அவளை அறிந்தவர் யாரும் அங்கே இல்லை. அதற்காகவே அந்த ஊர். கண்ணாடிக் கூடுகளில் வாடிக்கையாளர் பெயரும் எண்ணும் எழுதி ஒட்டுவது அவள் வேலை. கையெழுத்து அழகு என்று அவளுக்கே அதைக் கொடுத்திருந்தார்கள்.

என் பதிவேட்டில் வரிசை எண் நூற்றுப் பதினாலு: ஒரு மூக்குக்கண்ணாடி நிறுவனம், தலைமை அலுவலகம். அவர்களும் விளம்பரத்தை நிறுத்தினார்கள். மனச்சாட்சி உள்ளவர்கள். தாங்கள் செய்த நல்ல காரியம் ஊழியர்களுக்கும் தெரியட்டும் என்று என் கடிதத்தை எல்லாக் கிளைகளுக்கும் அனுப்பி, அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொன்னார்கள்.

இணைப்புடன்.

சாப்பாட்டு அறையில் ஒட்டினார்கள். மேஜையில் அவள் எழுதிய கண்ணாடிக் கூடுகள் அடுக்கியிருந்தன.

6

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். இந்தப் பகுதியை மட்டும் ஒருமுறைதான் எழுதினேன். திருத்த ஒன்றுமில்லை.

உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கையில் இரண்டு தாள்கள். மூலைகளில் குண்டூசி ஓட்டை.

“மாமா, இது உங்க கையெழுத்துதானே?”

“ஆமாம்மா.”

“கடிதம் நல்லாயிருக்கு. படிச்சப்போ எனக்காக ஒருத்தர் இருக்காருன்னு நினைச்சேன். யாருன்னு கீழ பார்த்தா நீங்க.” சிரிக்கப் பார்த்தாள். “ரெண்டாவது தாள் எதுக்கு மாமா?”

“சான்றுக்கும்மா. சான்று இல்லேன்னா...”

“அங்க யாரும் என்னை ஒண்ணும் சொல்லல. எல்லாரும் நல்லவங்க. என்கிட்ட மட்டும் மெதுவாப் பேச ஆரம்பிச்சுட்டாங்க. என் பேனாவை யாரும் கடன் கேக்கறதில்ல.”

என் மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றாள். யாரும் டீ கேட்கவில்லை, அவளும் கொடுக்கவில்லை.

“பேப்பர் ஒருநாள் கூத்து மாமா. மறுநாள் பொட்டலம் மடிச்சிருவாங்க. நீங்க ஃபைல்ல வைக்கிற மாதிரி அனுப்பியிருக்கீங்க.”

“நான் உனக்கு நல்லது...”

“தெரியும். அவன் என்னைக் கேக்கல. அவன் திருடன், கேக்க மாட்டான். நீங்க மேல் வீட்டுல இருந்தீங்க. பதினாலு படி. இறங்கி வந்து ஒரு வார்த்தை, ‘இதையும் சேர்த்து அனுப்பட்டுமாம்மா’ன்னு...”

அவளும் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. தாள்களை மேஜையில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள். படிகளை நான் எண்ணினேன். பதினாலுதான்.

7

முடிவுகள்.

(அ) நாயகன் எல்லாருக்கும் எழுதி இணைப்பைத் திரும்பப் பெறுகிறான். இதைச் செய்தேன். நாற்பத்தாறு தாள்கள் திரும்பி வந்தன. பலர் பதிலே போடவில்லை. ஒருவர், ‘தங்கள் கடிதத்தை மட்டுமே அன்று படித்தேன், இப்போது நினைவூட்டியதால் இணைப்பையும் தேடி எடுத்துப் படித்தேன், நெஞ்சு பதறியது’ என்று எழுதியிருந்தார். அத்தோடு நிறுத்தினேன்.

(ஆ) அவள் மன்னிக்கிறாள். மழை, இரண்டு டம்ளர் டீ, ‘விடுங்க மாமா’ என்று ஒரு வரி. எழுதிப் பார்த்தேன். அழகாக வந்தது. அவள் தராததை எடுத்து அச்சுக்கு அனுப்ப ஏற்கெனவே ஒரு பேப்பர் இருக்கிறது.

(இ) தாய் திட்டுகிறாள். இதைத்தான் எதிர்பார்த்தேன். திரும்பி வந்த நாற்பத்தாறையும், அவள் மேஜையில் வைத்துவிட்டுப் போனதையும், மீந்த தாள்களையும், என் முதல் வரைவு எழுதிய பின்பக்கங்களோடு கீழே கொண்டுபோய்க் கொடுத்தேன். தையல்காரம்மா பெரிய கத்தரிக்கோலை எடுத்தார். எதையும் படிக்கவில்லை. துணி வெட்டுகிற மாதிரியே நான்கு நான்காக அடுக்கி, நாடா நாடாவாக வெட்டினார்.

“நானும்தானே அண்ணே குடுத்தேன்,” என்றார், தலை நிமிராமல். “அழுக்காகாம இருக்கட்டும்னு கவர்ல வேற போட்டு.”

திட்டியிருக்கலாம்.

மகள் வேறு ஊருக்குப் போய்விட்டாள். எந்த ஊர் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இப்படி எழுதப்போகிறேன் என்பதை மட்டும் சொல்லிக் கேட்டேன். இந்தமுறை இறங்கிப் போய்க் கேட்டேன். நான்கு நாள் கழித்து அவளிடமிருந்து பதில் வந்தது, தாய் வழியாக: “எழுதட்டும். அந்தப் பக்கம் மட்டும் அதுல வரக் கூடாது.”

8

வரவில்லை. ஆனால் மூன்றாம் பகுதியிலிருந்து நீங்கள் அதைத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம், எனக்குத் தெரிந்துதான் சொல்கிறேன். அந்த மாலை நானும் முனைக்கடையில் நின்று அந்தப் பேப்பரை வாங்கினேன். இரண்டு தடவை படித்தேன். கோபம் அதற்கப்புறம்தான் வந்தது. முந்நூறு நகலுக்கும் மூலம் நான் வாங்கிய அந்தப் பிரதிதான். இது என் பதிவேட்டில் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. மீந்தவை பதினொன்று என்று தொடக்கத்தில் சொன்னேன். தையல்காரம்மாவிடம் பத்தைத்தான் கொடுத்தேன். ஒன்று ஃபைலில் இருந்தது. அனுப்பிய கடிதம் ஒவ்வொன்றுக்கும் இணைப்போடு ஒரு பிரதி வைத்துக்கொள்வது என் முப்பது வருட வழக்கம். வேண்டுமென்று ஒளிக்கவில்லை, கை பழகிவிட்டது. கத்தரிக்கோல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் நினைவு வந்தது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

இப்போது அதை எடுத்து மேஜையில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். கீழே மிஷின் ஓடுகிற சத்தம் கேட்கிறது. அவர் வீட்டில்தான் இருக்கிறார். நான் இறங்கிப் போனேனா, அல்லது தாளைப் பழையபடி ஃபைலில் கோத்துவிட்டு இதற்கு உறை தேடினேனா என்பதை எழுதப் போவதில்லை. எதை எழுதினாலும் என்னை நல்லவனாகக் காட்டத்தான் எழுதுவேன். முடிவை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் ஏதாவது பழைய உறையில் என் கடிதம் இருந்தால், முதல் தாளை வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மாடிவீட்டுக்காரன்.

இணைப்பு: இல்லை.