ஒரு மாவட்டத்துக்கு ஒரு மெஷின்

மாதம் பிறந்தால் சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து எங்கள் வாட்ஸப் குழுவுக்கு ஒரு படம் வரும். ஆஸ்பத்திரிகளுக்கான சக்‌ஷன் மெஷின் சந்தை எப்படி வளர்கிறது என்று காட்டும் படம். நீலக் கட்டங்கள், அவற்றுக்கு மேலே வானத்தைப் பார்த்தபடி ஒரு பச்சை அம்பு. நாங்கள் எல்லோரும் கட்டைவிரலை உயர்த்திப் பதில் போடுவோம். புதுக்கோட்டை மாவட்டத்தில் அந்தச் சந்தை என் பைக்கின் பின்சீட்டில் ரப்பர் கயிறு போட்டுக் கட்டப்பட்டிருந்தது.

ஒரே ஒரு மெஷின். டெமோ காட்டுவதற்காகக் கம்பெனி கொடுத்தது. தொண்டையில் அடைத்துக்கொள்ளும் சளியையும் ரத்தத்தையும் குழாய் வழியாக உறிஞ்சி ஒரு ஜாடியில் சேர்க்கும். சின்ன ஆஸ்பத்திரிகள் இதை வாங்குவதில்லை. வாங்கும் அவசியம் வராமல், கம்பெனிக்கு மாவட்ட ஏஜென்சி எடுத்திருந்த என் முதலாளி ரெங்கராஜ் பார்த்துக்கொண்டார். ஆஸ்பத்திரிகளைக் காப்பீட்டுப் பட்டியலில் சேர்க்கும் ஒரு தனியார் நிறுவனம் ஆண்டுக்கொரு முறை ஆய்வுக்கு ஆள் அனுப்பும். ஆள் வருகிற காலையில் எங்கள் மெஷின் போய் மேஜைமேல் உட்காரும். ஆள் கிளம்பியதும் அதுவும் கிளம்பும். இந்த உபகாரத்துக்காகவே பல ஆஸ்பத்திரிகள் எங்களிடம் பஞ்சும் கையுறையும் வாங்கின. ஒவ்வோர் ஆஸ்பத்திரியின் பெயரிலும் ஒரு ஸ்டிக்கர் என் பையில் இருந்தது. பழைய ஸ்டிக்கரின் பிசினை எடுக்கத் தேங்காய் எண்ணெயும் இருந்தது. நான் பி.எஸ்ஸி. இயற்பியல்.

அந்த வைகாசியில் மெஷின் ஒரு வீட்டில் மாட்டிக்கொண்டது. கறம்பக்குடியிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே, வெற்றிசெல்வன் வீடு. சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்துத் திரும்பியவர். ஊருக்கு வந்த ஒன்பதாம் நாள் டிராக்டர் டிரெய்லரில் பைக்கை விட்டார். இரண்டு மாதம் தஞ்சாவூரில் கிடந்துவிட்டு, கழுத்தில் ஒரு துளையும் துளையில் ஒரு குழாயுமாக வீடு வந்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அந்தக் குழாயில் சேரும் சளியை எடுத்தாக வேண்டும். எடுக்காவிட்டால் மூச்சு இல்லை. அவர் மனைவி அன்புமொழி எங்கள் மூலம் வெளியூரிலிருந்து வாடகைக்கு எடுத்திருந்த மெஷின் லோ வோல்டேஜில் எரிந்து, உதிரி பாகத்துக்காகக் கோயம்புத்தூர் போயிருந்தது. அது வரும்வரைக்கும் டெமோ மெஷினை வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தோம்.

"கறம்பக்குடி பிரகதாம்பாள் டாக்டருக்கு நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன்" என்றார் முதலாளி. "காலையில அந்த வீட்டுலேர்ந்து மெஷின எடுத்துரு."

"அந்த அண்ணனுக்கு, சார்?"

"ஷோகேஸ்ல கால் பம்பு இருக்குல்ல. குடுத்துட்டு வா. கரண்டே வேணாம்னு சொல்லு, சந்தோசப்படுவாங்க."

கால் பம்பு மூன்று ஆண்டுகளாகக் கண்ணாடிக்குப் பின்னால் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. விற்கிற பொருள் ஆயுத பூஜை வரைக்கும் கடையில் தங்காது. ஆகவே எங்கள் கடையில் பூஜை முழுவதும் விற்காத பொருள்களுக்குத்தான். பம்பின் ரப்பர் மடிப்புகளில் மூன்று வருஷச் சந்தனம் அடையடையாக இருந்தது. சுரண்டப் போனேன். "சாமிக்கு வச்சத எதுக்குச் சொரண்டுற" என்றார் முதலாளி. சந்தனத்துக்கு அடியில் ரப்பர் வெடித்திருந்தது எங்கள் இருவருக்கும் தெரியாது. நாலு மிதி மிதித்துப் பார்த்தேன். உறிஞ்சியது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அதைக் கொண்டுபோய் அன்புமொழி அக்கா முன்னால் வைத்தேன்.

"என்ன தம்பி, கோயில்லேர்ந்து தூக்கியாந்த மாதிரி இருக்கு."

"ஒரு வேளைதான்க்கா. பன்னெண்டு மணிக்குள்ள மெஷினக் கொண்டாந்து மாட்டிருவேன்."

கட்டிலில் கிடந்த வெற்றிசெல்வன் விரலால் கழுத்துத் துளையை அடைத்தார். அப்படி அடைத்தால் அவருக்குப் பேச்சு வரும். ஒரு மூச்சுக்கு ஒரு வாக்கியம்.

"குடுத்துவிடு புள்ள. நம்ம மெஷினுக்கு வெளியூர்ல கச்சேரியாம்."

"நீங்க சும்மா கெடங்க."

"மாப்ள, டாக்டரம்மாகிட்ட சன்மானம் கேட்டு வாங்கிட்டு வா."

அக்கா சிரிக்கவில்லை. "ராத்திரியிலேர்ந்து சளி கெட்டியா வருது தம்பி. இது இழுக்குமா?"

"ரெண்டும் ஒரே வேலதான்க்கா. இத நீங்க மிதிக்கணும், அவ்வளவுதான்."

"ஒரே வேலன்னா டாக்டருக்கு இதக் குடுத்துட்டு, அத இங்கயே விட வேண்டியதுதான?"

என்னிடம் பதில் இருந்தது. பம்பு மேஜையில் பார்க்க நன்றாக இருக்காது. அதைச் சொல்ல முடியாது என்பதால், "மொதலாளி சொல்லிட்டாருக்கா" என்றேன். இனாமாக வந்த மெஷினை இதற்கு மேல் பிடித்துவைக்க அக்காவுக்கும் வழியில்லை. வழக்கம்போல ஜாடியைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, வயரைச் சுற்றி, அவரே பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தார்.

பத்து மணிக்கு ஆய்வாளர் ரகுநாத் வந்தார். இளநீர் குடித்தார். மெஷினைச் சுற்றி வந்தார்.

"இத எங்கயோ பாத்த மாதிரி இருக்கே, டாக்டர்."

"ஒரே கம்பெனி சார். எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்" என்றார் டாக்டர் பிரகதாம்பாள்.

"மூலையில கீறல்கூட ஒரே மாதிரி போடுறாங்க. நல்ல கம்பெனி."

படிவத்தில் டிக் அடித்தார். நான் சுவிட்சைப் போட்டுக் காட்டினேன். அவர் அதற்குள் ஆக்சிஜன் சிலிண்டர் பக்கம் போயிருந்தார்.

பதினொன்றே காலுக்கு முதலாளி கூப்பிட்டார். "திருமயம் இன்ஸ்பெக்‌ஷனையும் இன்னைக்கே வச்சுட்டாங்கப்பா. அவரு சாப்புட்டுட்டு நாலு மணிக்கு அங்க போறாரு. நீ முன்னாடி போயிரு."

"சார், அந்த அக்காகிட்ட பன்னெண்டு மணின்னு சொல்லியிருக்கேன்."

"கால் பம்பு இருக்குல்ல. மிதிக்கட்டும், ஒடம்புக்கு நல்லது. சுகர் வராது."

அன்புமொழி அக்காவுக்குப் போன் செய்து சொல்லியிருக்கலாம். சொன்னால் கேள்வி கேட்பார். ஆகவே சொல்லாமல் வண்டியை எடுத்தேன். ஆலங்குடியில் டீக்கடையில் நிறுத்திப் போனைப் பார்த்தபோது, அவரிடமிருந்து மூன்று மிஸ்டு கால். எப்போது வருவீர்கள் என்று கேட்கத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது வசதியாக இருந்தது. வடையைத் தின்று, டீயையும் குடித்து முடித்தேன்.

அடுத்த அழைப்பு டாக்டர் பிரகதாம்பாளுடையது.

"நிலவழகன், மெஷின் எங்க இருக்கு?"

"ஆலங்குடி, மேடம்."

"கழுத்துல குழாய் போட்ட பேஷண்ட் ஒருத்தரக் கூட்டிட்டு வந்திருக்காங்க. அடைச்சுக்கிச்சு. ஒடனே வாங்க."

கழுத்தில் குழாய் போட்டவர்கள் அந்த வட்டாரத்தில் எத்தனை பேர் என்பது எங்கள் கம்பெனிக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

நான் வண்டியில் பறந்த நேரத்தில் நடந்ததை நர்ஸ் பின்னால் சொன்னார். பம்பு பதினொன்றரை மணிக்குச் சந்தனம் இருந்த இடத்தில் பிளந்திருக்கிறது. அக்கா என்னை மூன்று தடவை கூப்பிட்டுவிட்டு, ஆட்டோ பிடித்து, மெஷின் போன ஆஸ்பத்திரிக்கே அவரைத் தூக்கிவந்திருக்கிறார். மேஜைமேல் மெஷின் இல்லை. டாக்டர் ஊசியில்லாத சிரிஞ்சால் இழுத்துப் பார்த்திருக்கிறார். கெட்டிச் சளி வரவில்லை. அக்கா ஒரு மெல்லிய குழாயைப் பிடுங்கி, ஒரு முனையைக் கழுத்துக்குள் விட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சித் துப்பியிருக்கிறார். உறிஞ்சி, துப்பி, உறிஞ்சி. கால் மணி நேரம் யாராலும் அவரை விலக்க முடியவில்லையாம்.

நான் பெட்டியோடு நுழைந்தபோது அவர் சுவர் ஓரம் தரையில் உட்கார்ந்து முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். கட்டிலில் வெற்றிசெல்வன் அசைவில்லாமல் கிடந்தார். உதடு கறுத்திருந்தது.

"மாட்டுங்க" என்றார் டாக்டர்.

"மேடம், அவரு..."

"பத்து நிமிஷமாச்சு. சொந்தக்காரங்க வெளிய வந்துட்டாங்க." குரலைத் தாழ்த்தினார். "மெஷின் ஓடுற சத்தம் கேக்கட்டும்."

மெஷினை மாட்டுவது எனக்கு நன்றாகத் தெரிந்த வேலை. மாட்டினேன். அழுத்தம் காட்டும் மானியின் முள் எங்கே போய் நிற்க வேண்டுமோ அங்கே போய் நின்றது. குழாய் ஒரு முறை கரகரத்தது. மஞ்சளும் சிவப்புமாக ஒரு கட்டி வந்து ஜாடியில் விழுந்தது. ஒரு மணி நேரம் முன்னால் விழுந்திருந்தால் அவர் என்னைக் கிண்டல் செய்திருப்பார்.

அன்புமொழி எழுந்து வந்து சுவிட்சை அணைத்தார்.

"யாருக்கு ஓடுது?"

டாக்டர் வெளியே போய்விட்டார்.

"வண்டியில வந்ததால போன எடுக்க முடியலக்கா" என்றேன்.

அவர் என் முகத்துக்கு நேரே வந்து நின்றார். "டீ வாடை வருது தம்பி."

பிளக்கைப் பிடுங்கி, வயரைச் சுற்றி, மெஷினைப் பெட்டிக்குள் வைத்தார். கை தானாகச் செய்தது. ஜாடியை மட்டும் கழுவவில்லை.

"தூக்கிட்டுப் போ. எங்க போகணுமோ அங்க போ."

அதுவரை அவர் என்னை வாங்க, போங்க என்றுதான் சொல்லியிருந்தார்.

வாசலில் நின்று முதலாளிக்குச் சொன்னேன். "அடப் பாவமே. சின்ன வயசு" என்றார். பிறகு, "கால் பம்பு அந்த வீட்டுலதான் கெடக்கா? நாளைக்கு அவருக்கு மாலை வாங்கிட்டுப் போறப்ப அப்படியே எடுத்தாந்துரு. யாராச்சும் பாத்து எதையாவது கெளப்பிவிடப் போறாங்க. இப்ப திருமயம் கெளம்பு, மணியாச்சு."

கிளம்பாமல் இருந்திருக்கலாம். மெஷினை அங்கேயே வைத்துவிட்டு, பச்சை அம்புக்குக் கட்டைவிரல் காட்டும் வேலையையும் விட்டிருக்கலாம். கிளம்பினேன். அதற்கு ஏதாவது காரணம் எழுதலாம் என்று மூன்று முறை எழுதி அடித்துவிட்டேன்.

திருமயத்தில் மூன்றே முக்காலுக்கு மெஷின் மேஜைமேல் இருந்தது, புது ஸ்டிக்கரோடு. நாலு மணிக்கு ரகுநாத் வந்தார். மோர் குடித்தார். மெஷினைத் தாண்டிப் போனவர் திரும்பி வந்து முதல் முறையாகக் குனிந்து ஜாடியைப் பார்த்தார்.

"காலையில காஞ்சு கெடந்துச்சு" என்றார், என்னைப் பார்க்காமல்.

அந்த ஆஸ்பத்திரி டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"பரவாயில்ல, இங்கயாவது யூஸ் பண்றாங்க" என்றவர், படிவத்தில் எல்லா ஊரிலும் காலியாக விட்டுவந்த ஒரு கட்டத்தைத் தேடிப் பிடித்து, 'தொடர் பயன்பாட்டில் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.