பிஷப்பின் கம்பளி

வியாழக்கிழமை காலை ஹெடன் பண்ணைக்குப் பால் வாங்கப் போன இடத்தில்தான் திர்ஸா யோவின் தலையில் இடி விழுந்தது. பண்ணைக்காரர் அம்ப்ரோஸ் ஹெடன் தன் கிழட்டுச் செம்மறிக் கிடா பிஷப்பை சனிக்கிழமை கசாப்புக்காரனிடம் தள்ளப் போகிறாராம். அவர் மனைவி மெர்ஸி பாலை ஊற்றிக்கொண்டே, மழை வரும்போலிருக்கிறது என்கிற மாதிரி சொன்னாள்.

திர்ஸாவின் முகம் வெளுத்ததைப் பார்த்து மெர்ஸியே பயந்துபோனாள். "என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? உன் சொந்தக்காரனையா வெட்டப் போறாங்க?"

"ஒண்ணுமில்லக்கா" என்று சொல்லிவிட்டு, பால் தளும்பத் தளும்ப வீட்டுக்கு நடந்தாள் திர்ஸா.

அவள் பிழைப்பு தூண்டில் ஈ கட்டுவது. ஹாதர்கூம் ஆற்றில் பூச்சி பறக்கத் தொடங்கிவிட்டால் ட்ரவுட் மீன் வேறெதையும் சீண்டாது. கொக்கியில் நூலும் சேவல் இறகும் சுற்றி, அந்தப் பூச்சியைப் போலவே செய்து தண்ணீர்மேல் மிதக்கவிட்டால்தான் வாயைத் திறக்கும். ஒவ்வொரு பள்ளத்தாக்குக்கும் அதற்கென்று ஒரு ஈ உண்டு. குன்றுக்கு அந்தப் பக்கத்து ஈயை இங்கே போட்டால், மீன் எட்டிப் பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும்.

ஹாதர்கூம் ஈக்கு வயிறுதான் எல்லாம். பாலாடையில் ஸ்ட்ராபெரி ஜாம் லேசாகக் கலங்கினாற்போல ஒரு நிறம். மற்றவர்கள் அதற்குப் பட்டுநூல் சுற்றினார்கள். பட்டு நனைந்தால் கறுத்துவிடும். திர்ஸாவின் ஈயோ நனைந்த பிறகுதான் நிறமே காட்டும். எதைக் கொண்டு செய்கிறாள் என்று மீன் பிடிக்க வந்து ஊர் விடுதியில் தங்கி, அவளிடம் வாங்கிய ஈக்களைத் தொப்பியில் குத்திக்கொண்டு திரியும் கனவான்கள் தலைகீழாக நின்று கேட்டுப் பார்த்தார்கள். பாரசீகப் பூனையின் முடி என்று ஒருவர் அடித்துச் சொன்னார். திர்ஸா மூச்சுவிடவில்லை. விட்டால் என்ன சொல்வது? அது பிஷப்பின் விதைப்பையில் வளரும் கம்பளி. கல்யாணமாகாத, ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற பெண், அதை எந்த வாயால் சொல்வாள்?

பதினொரு வருஷமாக அவள் வேலிச் சந்து வழியாகக் கீழ்வயலுக்குள் நுழைந்து, பிஷப்புக்கு ஒரு முட்டைக்கோஸ் இலையை நீட்டி, அது மெல்லுகிற நேரத்தில் கத்தரியை ஓட்டிவிட்டு வந்தாள். ஒரு கைப்பிடிதான். ஆனாலும் திருட்டு திருட்டுதானே. வேறு பண்ணைக் கிடாக்களிடமும் முயன்று பார்த்திருக்கிறாள். ஒன்று செத்த வெள்ளை, இன்னொன்று மஞ்சள். அந்த நிறம் பிஷப்பின் ரத்தத்தில் இருக்கிறது என்று முடிவே கட்டிவிட்டாள்.

ஈ கட்ட வருமுன் அவள் எக்ஸெட்டர் நகரத்தில் ஒரு பெரிய வீட்டில் பதினாறு வருஷம் வேலைக்காரி. மணி அடித்தால் ஓட வேண்டும். சாப்பிடுகிற கை சாப்பாட்டில் இருக்க ஓட வேண்டும். அந்த வீட்டம்மா இன்னும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கடிதம் போடுகிறார். 'உன் அறை காலியாகத்தான் இருக்கிறது, திர்ஸா.' பிஷப் போனால் ஈ போச்சு. ஈ போனால் அந்த அறைதான்.

மத்தியானம் வரை பொறுத்தாள். பிறகு வெட்கத்தைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மறுபடி பண்ணைக்குப் போனாள்.

மெர்ஸி மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, பிஷப்பை விக்காதீங்க."

"பல்லு கொட்டிப்போச்சு, பின்னங்கால் இழுக்குது. வச்சுக்கிட்டு என்ன, அதுகிட்ட பைபிள் வாசிக்கச் சொல்லவா?"

"அதுகிட்டேருந்து எனக்கு ஒண்ணு வேணும்."

"என்ன, கொம்பா? அதுக்கு அதுகூடக் கிடையாதே."

திர்ஸா கதவைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், மெர்ஸியின் காதில் சொன்னாள். வேலிச் சந்து வழியாக நுழைந்ததையும் முட்டைக்கோஸையும் சேர்த்தே சொன்னாள்.

மெர்ஸி சிரித்தாள் பாருங்கள், மாவு மேஜையெல்லாம் தெறித்தது. சிரித்தவள் அதோடு விட்டாளா? முற்றத்துக்கு ஓடி, வண்டிச் சக்கரத்துக்கு மசை போட்டுக்கொண்டிருந்த புருஷனைப் பார்த்து ஊருக்கே கேட்கும்படி கத்தினாள். "ஏங்க! நம்ம பிஷப்போட கொட்டையில இருக்குற முடிதான் வேணுமாம் திர்ஸாவுக்கு! கனவானுங்க தொப்பியில குத்திக்கிட்டுத் திரியுறது அதுதானாம்!"

பதினொரு வருஷ ரகசியம் ஒரே மூச்சில் போயிற்று. திர்ஸாவுக்கு நிலம் பிளந்து விழுங்கினால் தேவலை போலிருந்தது.

அம்ப்ரோஸ் சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "அந்த ஈ கையில இருக்கா?" என்றார். திர்ஸா எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை நாக்கில் தொட்டு நனைத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இந்தக் கறைதானே? இதைக் காட்டித்தான் கம்பளி வியாபாரி வருஷா வருஷம் என் மானத்தை வாங்குறான். எவ்வளவு அலசினாலும் போகாது."

"அது பிஷப்போட நிறம் அண்ணே. வேற எந்தக் கிடாவுக்கும் வராது."

"யார் சொன்னா? சந்தையில வாங்கினப்ப அவன் பால் மாதிரி வெள்ளை. கீழ்வயல்ல ஊத்து கசியுற எடம் இருக்கு பாரு, அந்தச் செஞ்சேத்துலயே விழுந்து கிடப்பான். அடிவயிறு ஊறி ஊறிச் சாயம் ஏறிடுச்சு. அங்க எவன் படுத்தாலும் ஏறும். என்னைக் கேட்டிருந்தா முதல் வருஷமே சொல்லியிருப்பேன்."

"இதை நான் எப்படிண்ணே உங்ககிட்ட வந்து கேப்பேன்?"

"இப்ப கேட்டாச்சுல்ல. வா."

மூவரும் கீழ்வயலுக்கு இறங்கினார்கள். போன அறுப்புக்காலம் முடிந்ததிலிருந்து அங்கே மேய்வது பிஷப்புக்குப் பதிலாக வாங்கிய புதுக் கிடா. அம்ப்ரோஸ் அதைப் பிடித்து, முதுகைத் தன் காலில் சாய்த்து மனிதனைப் போல உட்காரவைத்தார். அப்படி உட்காரவைத்தால் எந்த ஆடும் அடங்கிவிடும். திர்ஸா மண்டியிட்டுக் கத்தரியை ஓட்டினாள். வந்தது வெறும் அழுக்குக் கம்பளி, சேறும் பிசுக்குமாக.

வயலோரத்து ஆற்றில் அதை அலசினாள். தண்ணீர்தான் செம்மண்ணாக ஓடியதே தவிரக் கம்பளி சாம்பலாகவே இருந்தது. "விடு, சோப்பு கொண்டுவரேன்" என்றாள் மெர்ஸி. இப்போது அவள் சிரிக்கவில்லை. சோப்பு போட்டு மறுபடி, அதற்கும் மேல் மறுபடி அலசினாள் திர்ஸா. பிழிந்து, விரலால் பிரித்து, ஒரு இழையை ஈரத்தோடு வானத்துக்கு நேராகப் பிடித்தாள். மீன் கீழிருந்து பார்ப்பது அப்படித்தான்.

அதே நிறம். பிஷப்புடையதைவிட ஒரு துளி இளசு, அவ்வளவுதான்.

திர்ஸா கரையிலேயே பொத்தென்று உட்கார்ந்து அழுதாள். பாவாடை முழுக்கச் செஞ்சேறு.

"யார் செத்துட்டாங்கன்னு இப்படி அழுற?" என்று மெர்ஸியும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"யாரும் சாகலக்கா. நான் எக்ஸெட்டருக்குப் போக வேண்டாம். போகவே வேண்டாம்."

மெர்ஸி அவள் தோளைச் சேர்த்து அணைத்துக்கொண்டாள். பின்னால் கிடாவோடு மல்லுக்கட்டி அம்ப்ரோஸுக்கு இடுப்பு கழன்றுகொண்டிருந்தது.

"உங்க அழுகையெல்லாம் அப்புறம் வச்சுக்கலாம். நான் இவனை விடட்டுமா வேணாமா?"

திர்ஸா கண்ணைத் துடைத்துக்கொண்டு கத்தரியைத் தேடி எடுத்தாள்.

"விடாதீங்கண்ணே, நல்லாப் பிடிங்க" என்றாள். "இந்த சீசன் முழுக்கத் தாங்குற அளவுக்கு வேணும்."