சுத்திப் போற வழி

விஜயகுமாரியின் கண் மஞ்சளானதும் அண்ணன் அப்பாசாமி முடிவே பண்ணிவிட்டான். அவர்கள் வீட்டில் யாருக்குக் காமாலை வந்தாலும் கையில் சூடு போடுவதுதான் வழக்கம். அவன் மணிக்கட்டிலேயே இரண்டு தழும்பு.

"பித்தக் குழாயில கல்லு அடைச்சிகினு கீதுன்னு ஸ்கேன்ல வந்துச்சே. கையில சூடு போட்டா கல்லு ஓடிடுமா?" என்றாள். சதுரங்கப்பட்டினத்துக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவள். அவளிடம் வாய் கொடுத்து மீண்டவர் குறைவு.

தானே போய் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். "சார், பன்னெண்டு வருசம் முந்தி அல்சர் முத்திப்போயி பாதி வயித்த எடுத்துட்டாங்க. கொடல வேற வழியா தச்சிகீறாங்க," என்று பழைய காகிதத்தை நீட்டினாள்.

டாக்டர் அதைத் தொடவே இல்லை. "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்மா."

பார்த்துக்கொண்ட லட்சணம் மறுநாளே தெரிந்தது. வாய் வழியாக விட்ட குழாய் ஒன்றரை மணி நேரம் தடவிவிட்டு, கல்லை எட்டாமலே திரும்பியது. "வழியே இல்லம்மா. வயித்தத் திறந்துதான் ஆகணும்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வழி கீது சார். மாத்தி வுட்ட வழிய நீங்கதான் கேக்கல. இன்னொரு தபா கத்தி வெக்க வுட மாட்டேன்."

வெளியே அப்பாசாமி, "நான் அப்பவே சொன்னேன், வா," என்று கையைப் பிடித்தான். உதறினாள். காய்ச்சல் ஏறிக்கொண்டிருந்தது. அடைப்பில் சீழ் வைத்தால் உயிரே போகும் என்று அவளுக்குத் தெரியும். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் வண்டியை விடச் சொன்னாள்.

அங்கே டாக்டர் பிரபா கேட்ட முதல் கேள்வியே, "முன்னாடி ஆபரேஷன் ஏதாவது?" என்பதுதான். காகிதத்தை இரண்டு முறை வாசித்தாள். "நேரா போக முடியாதுக்கா. பலூன் வெச்ச நீளக் குழாய் இருக்கு. குடலைக் கொஞ்சம் கொஞ்சமா சுருக்கிட்டே, சுத்திப் போய்ப் பாக்கறேன். எட்டலன்னா மறைக்காம சொல்லிடுவேன்."

"ரோடு வெட்டிப் போட்டா நானும் சுத்திதான் போறேன். போம்மா நீ."

மூன்று கற்கள் வந்தன. வயிற்றில் ஒரு கீறல் இல்லை.

இரண்டு வாரம் கழித்து, கண் வெளுத்ததும், ஆட்டோவை நேரே பழைய ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினாள். அந்த டாக்டரின் மேசையில் காகிதத்தின் ஜெராக்ஸை வைத்தாள்.

"கல்லு வந்துடுச்சு சார், வயித்தத் தொறக்காமலே. இத்தப் படிங்க. அடுத்து வர்றவ இன்னா சொல்றான்னு கேட்டுட்டு உள்ள வுடுங்க கொழாய."

இந்த முறை அவர் கையில் எடுத்தார். கடைசி வரி வரை வாசித்து முடிக்கும்வரை அவள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.